இரட்டைக் கர்ப்பம்: படுத்தே கிடக்க வேண்டுமா?

கேள்வி: இரட்டைக் குழந்தை, 20 வாரம். ஸ்கேனில் கர்ப்பப்பை வாய் 38 மி.மீ. வாய் திறக்காமலிருக்க அதில் தையல் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 38 நல்ல நீளம். இரட்டை என்பதற்காக மட்டும் தையல் போடுவதில்லை.

கேள்வி: எனக்கு ட்வின்ஸ். எந்த வாரம் பிரசவம் பார்ப்பார்கள்?

பதில்: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும், தேடி எடுங்கள். தனித்தனி நஞ்சு, வேறு சிக்கல் இல்லை என்றால் 37 வாரம் வாக்கில். பனிக்குடப் பை இரண்டு, நஞ்சு ஒன்று என்றால் 36 வாக்கில். அதுவும் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தவறக்கூடாது.

கேள்வி: 26 வாரம். வலியோ கசிவோ இல்லை. ஏழாம் மாதமே ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்துவிடு என்கிறார் மாமியார். குறைப்பிரசவத்தைத் தடுக்குமா?

பதில்: தடுக்காது. இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள், அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அதற்கு மருந்து படுக்கை அல்ல. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரேயில் 200 பேர் போல இரட்டைக் கர்ப்பிணிகளைப் பிரித்து, ஒரு பாதியை 32 வாரத்திலிருந்து வார்டில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 1985-இல் முடிவு வந்தது. படுத்தவர்களுக்குக் குறைப்பிரசவம் குறையவில்லை, அதிகமாகவே இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளிலும் லாபம் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் 'பெட் ரெஸ்ட்' என்று எழுதித் தருவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆறு வாரம் படுத்துவிட்டு வந்த ஒரு பெண் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது; ரத்தக்கட்டு. தசையும் கரைந்திருந்தது. மூத்த பிள்ளை ஊரில் பாட்டியிடம். சம்பளமும் போச்சு. நீங்கள் நடங்கள், சமையுங்கள், அலுத்தால் உட்காருங்கள். பாரம் தூக்க வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறினாலோ, குழந்தை வளர்ச்சி குறைந்தாலோ அட்மிஷன் போடுவது வேறு விஷயம், அது கண்காணிப்புக்கு.

கேள்வி: நுரையீரல் ஊசியை இப்போதே போட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகும்போலத் தெரிந்தால்தான், குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் அந்த ஸ்டீராய்டு. முதல் ஊசிக்கு ஒரு நாள் கழித்து ஏழு நாள் வரைதான் நல்ல பலன்.

கேள்வி: 30 வாரம். நேற்றிலிருந்து வயிறு அடிக்கடி இறுகுகிறது. என்ன சாப்பிடலாம்?

பதில்: நேற்றிலிருந்தா? இதைக் கடிதத்தில் கேட்பார்களா! இறுக்கம் விட்டு விட்டு வந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ நேரே பிரசவ வார்டுக்குப் போங்கள். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியாகப் போங்கள். ஸ்கேன் ஃபைல் கையில் இருக்கட்டும்.