உருக்கிய கந்தகம் ரப்பர் மாதிரி இழுபடுவது ஏன்?

கேள்வி இதுதான்: கொதிக்கும் கந்தகத்தைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் ரப்பர் போல இழுபடுகிறதே, உள்ளே என்ன இருக்கிறது?

சாதாரண மஞ்சள் கந்தகத்தில் 8 அணுக்கள் கோத்த, கிரீடம் போல மேலும் கீழும் மடிந்த வளையங்கள்தான் இருக்கின்றன. உருகியதும் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். சுமார் 159 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வளையங்கள் உடைகின்றன. உடைந்த முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஆயிரக்கணக்கில் அணுக்கள் கொண்ட சங்கிலிகளாகின்றன. எளிதாக ஓடிய திரவம் திடீரென அசையாத குழம்பாகிறது. எனக்கு வேதியியலிலேயே மிகவும் பிடித்த காட்சி இது.

சரி, சட்டென்று குளிர்வித்தால்? சங்கிலிகள் மறுபடி வளையமாக நேரமில்லை, சிக்கிய நூல்கண்டு போல உறைந்துவிடுகின்றன. இடையிடையே மாட்டிக்கொண்ட வளையங்கள் மசகு போல நெகிழ்வு தருகின்றன.

அதை இழுத்துப் பிடித்தால் சங்கிலிகள் ஒரே திசையில் வரிசையாகும். ஒவ்வொன்றும் திருகுச் சுருள்: 3 சுற்றுக்கு 10 அணுக்கள். இடஞ்சுழி, வலஞ்சுழி இரண்டும் இருக்கும்.

அறை வெப்பநிலையில் வைத்திருந்தால் சில நாட்களில் விறைத்து நொறுங்கும். சங்கிலிகள் மெல்ல வளையங்களாகத் திரும்புகின்றன.