ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டிலேயே கேமரா மவுண்ட் செய்ய முடியுமா?

கேட்டவர் சொல்வது இது: இரண்டு இருக்கைகள் மட்டும் உள்ள, மேற்கூரை திறக்கும் கார். இருக்கைகளுக்குப் பின்னால் ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய், இருக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டிய சக்ஷன் கப் (காற்றை வெளியேற்றி ஒட்டும் ரப்பர் கிண்ணம்) மவுண்ட்டில் எடுத்த வீடியோ முழுவதும் நடுங்குகிறது, கதவின் விளிம்பு நெளிகிறது. பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோகும் முன் தானே ஒரு மவுண்ட் செய்துகொள்ள விரும்புகிறார்.

தாராளமாகச் செய்யலாம். விலைக்கு வாங்குவதைவிட உறுதியாகவே செய்யலாம். கடையில் கிடைப்பது எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டும். அதனால்தான் நீளமான கையும் மூன்று நான்கு மூட்டுகளும் அதில் இருக்கின்றன. உங்களுடையது ஒரே காருக்கு, ஒரே இடத்துக்கு. அதற்கு மூட்டே வேண்டாம்.

செய்முறைக்கு முன் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பந்தயத் தடத்தில் காரின் பின்பக்க மூடிமேல் சக்ஷன் கப்பை ஒட்டி, அதில் கேமராவை நிறுத்தியிருந்தேன். காலையில் பலமாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மதிய வெயிலில் மூடியின் தகடு கொதித்தது. நான் மறுபடி இழுத்துப் பார்க்கவில்லை. நீண்ட வலது வளைவு ஒன்றில் கேமரா கழன்று தடத்தில் விழுந்தது. பின்னால் வந்தவர் அதைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பியதையும், அவர் காரின் பின்பகுதி வழுக்கியதையும் கண்ணாடியில் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று விநாடிகள் இன்னும் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. கேமரா மவுண்ட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது படமல்ல, பின்னால் வரும் மனிதர்தான்.

கணக்கைப் பார்த்தால் அந்தக் கப் கழன்றிருக்கவே கூடாது. 80 மி.மீ. விட்டமுள்ள கப்புக்குள் முழு வெற்றிடம் இருந்தால், வளிமண்டலம் அதை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. காற்றெதிர்ப்போ, 6 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் உள்ள கேமராவின்மேல் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 300 கிராம் எடை அளவுக்குத்தான். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். அப்போதும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. பிறகு ஏன் விழுகிறது? கேமரா கப்புக்கு மேலே உயரத்தில் நிற்பதால் விசை கப்பை நேராக இழுப்பதில்லை, ஓரத்திலிருந்து உரிக்கிறது. ரப்பர் சூட்டில் இளகியிருந்தாலோ ஓரத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலோ காற்று உள்ளே புகுந்துவிடும். அதன் பிறகு 50 கிலோவும் இல்லை, 5 கிலோவும் இல்லை. பல இடங்களில் பந்தயத் தடங்களை நடத்துபவர்கள் சக்ஷன் கப்பை அனுமதிப்பதே இல்லை. போவதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் நீளத்தை இரட்டித்தால், அதே எடைக்கு அது எட்டு மடங்கு வளையும். 5 செ.மீ. கையில் தெரியாத அசைவு 20 செ.மீ. கையில் 64 மடங்காகிறது. கேமராவின் சென்சார் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் கேமரா அசைந்துவிட்டால் நேர்க்கோடெல்லாம் பாகுபோல நெளிகிறது. உங்கள் வீடியோவில் கதவின் விளிம்பு நெளிவது இதனால்தான். விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் நீளமான கையில் வைத்தால் இதே கதிதான். ஆகவே மவுண்ட் குட்டையாக இருக்க வேண்டும். காரின் எலும்பை, அதாவது ரோல் பாரை, நேரடியாகக் கவ்வ வேண்டும்.

ரோல் பாரில் துளை போடாதீர்கள், எதையும் பற்றவைக்காதீர்கள். கார் கவிழ்ந்தால் உங்கள் உயிரைத் தாங்கப்போவது அந்தக் குழாய். அதைக் கவ்வத்தான் வேண்டும், காயப்படுத்தக் கூடாது.

நான் கவ்வியை மரத்தில் செய்கிறேன். அலுமினியத்திலும் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் தேக்கு போன்ற கடின மரம் அதிர்வை உள்ளே வாங்கிக்கொள்கிறது, குழாயின் பூச்சைக் கீறுவதில்லை, சாதாரண டிரில்லில் வேலை முடிந்துவிடுகிறது. அலுமினியப் பட்டையைக் கூர்மையான கோணத்தில் மடித்தால் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதிர்வில் அது நாளடைவில் விரிசலாகும். மடிக்காத தட்டைப் பட்டையாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம்.

முதலில் குழாயின் விட்டம். காகித நாடா ஒன்றைக் குழாயைச் சுற்றி ஒட்டி, விளிம்பு மேலேறும் இடத்தில் கோடு போட்டுப் பிரியுங்கள். நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். என் காரில் நாடா 138 மி.மீ. வந்தது; விட்டம் 44 மி.மீ. அதற்கேற்ற வட்ட ரம்பம் (டிரில்லில் மாட்டி வட்டத் துளை போடும் ஹோல் சா) ஒன்று வேண்டும்.

அடுத்த படியில்தான் முழு வேலையின் சூட்சுமமும் இருக்கிறது. 40 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம், 45 மி.மீ. உயரம் என ஒரே அளவில் இரண்டு மரக்கட்டைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அவற்றுக்கு இடையில் 2 மி.மீ. தடிமனுள்ள அட்டையைச் செருகி, இடுக்கியில் இறுக்கிப் பிடியுங்கள். வட்ட ரம்பத்தின் நடு ஊசி சரியாக அட்டையின்மேல் இருக்கும்படி வைத்துத் துளையிடுங்கள். துளையின் இரண்டு பக்கமும் கவ்விக்கான போல்ட் துளைகளையும் அப்போதே, கட்டைகளைப் பிரிக்காமலேயே மேலிருந்து கீழாகப் போட்டுவிடுங்கள். பிறகு பிரித்து அட்டையை எடுத்துவிட்டால், ஒவ்வொரு கட்டையிலும் அரைவட்டத்துக்குச் சற்றுக் குறைவான பள்ளம் இருக்கும். குழாயின்மேல் வைத்து இறுக்கும்போது இரண்டு கட்டைகளும் ஒன்றையொன்று தொடாது. இடையில் மெல்லிய இடைவெளி நிற்கும். அந்த இடைவெளிதான் பிடி. கட்டைகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் குழாய் இறுகாது.

பள்ளத்தில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரே ஓர் அடுக்கு ரப்பரை ஒட்டுங்கள். தடிமனான ரப்பர் அதிர்வைத் தடுக்கும் என்று நினைத்து மூன்று அடுக்கு வைப்பவர்கள் உண்டு. அது மவுண்ட்டைச் சுருள்வில்லாக மாற்றிவிடும். ஒரு மில்லிமீட்டர் ரப்பர் வழுக்காமல் இருப்பதற்கு மட்டும்.

6 மி.மீ. போல்ட் இரண்டு, அகலமான வாஷர்கள், நைலான் வளையம் உள்ள நட்டுகள் போதும். அகல வாஷர் இல்லாவிட்டால் போல்ட்டின் தலை மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும்.

கேமரா உட்காரும் இடத்தில், அதாவது மேல் கட்டையின் மேற்புறத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கேமராவின் அடியில் உள்ள மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. விட்டம் 6.35 மி.மீ. கைவசம் இருக்கும் 6 மி.மீ. போல்ட்டும் ஓரிரு சுற்று உள்ளே போகும், பொருந்திவிட்டதைப் போலவே தோன்றும். ஆனால் புரி இடைவெளி ஒன்றில் 1.27 மி.மீ., மற்றொன்றில் 1 மி.மீ. தொளதொளவென்று நிற்கும், பலமாக முறுக்கினால் கேமராவின் மரை போய்விடும். பழைய டிரைபாட் ஒன்றிலிருந்து திருகைக் கழற்றிக்கொள்வது நல்லது. அது கேமராவுக்குள் 5 மி.மீ.க்கு மேல் போகாதபடி வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். ஒற்றைத் திருகில் நிற்கும் கேமரா வளைவுகளில் மெல்லத் திரும்பிக்கொள்ளும். ஆகவே மேல் கட்டையின் பின் விளிம்பில், கேமராவின் முதுகு ஒட்டி நிற்கும்படி 10 மி.மீ. உயரத்தில் மரச் சட்டம் ஒன்றை ஒட்டுங்கள். இந்தச் சிறு சட்டம் செய்யும் வேலையை வேறெதுவும் செய்வதில்லை.

நட்டுகளுக்குத் திரவப் பூட்டு (மரை கழலாமல் இருக்க இடும் பசை) பயன்படுத்தினால் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும், கழற்றக்கூடிய நீல வகையை இடுங்கள். அது கேமராவின் பிளாஸ்டிக் உடலில் பட்டால் நாளடைவில் விரிசல் விடும்.

எங்கே வைப்பது? இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், ஓட்டுநரின் காது உயரத்தில். ஸ்டியரிங், கைகள், முன்னால் உள்ள தடம் மூன்றும் அங்கிருந்து ஒரே சட்டகத்தில் விழும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தில் பீட்டர் வில்லியம்சன் ஓட்டிய டொயோட்டா செலிகாவுக்குள் கேமரா வைத்து நேரலையாகக் காட்டினார்கள். அவர் ஓட்டிக்கொண்டே வர்ணனையாளர்களுடன் பேசவும் செய்தார். காருக்குள்ளிருந்து ஒருவர் ஓட்டுவதைப் பார்க்கும் சுகம் இன்றுவரை குறையவில்லை. வெளியே மூடிமேல் ஒட்டி எடுக்கும் படங்கள் அழகுதான். ஆனால் ஒருவர் எந்த வளைவில் எப்போது கையைத் திருப்பினார் என்பதை அவை சொல்வதில்லை. ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு உள்ளிருந்து எடுத்த படம்தான் ஆசிரியர்.

ஆனால் இங்கே ஒரு கட்டாயம் இருக்கிறது. இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, தலையை எல்லாப் பக்கமும் சாய்த்துப் பாருங்கள். உதவிக்கு ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். விபத்தில் பெல்ட் நீளும், உடல் நாம் நினைப்பதைவிட அதிகமாகப் போகும். தலை எட்டக்கூடிய தூரத்தில் மவுண்ட் இருந்தால் அந்த இடம் வேண்டாம். ரோல் பாரைச் சுற்றியுள்ள நுரை உறையையும் தலைக்கு நேராக வெட்டாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் விரியும் வழியிலும் எதுவும் இருக்கக் கூடாது.

இரண்டாவது பிடியும் வேண்டும். மெல்லிய எஃகுக் கம்பிக் கயிறு ஒன்றின் ஒரு முனை கேமராவின் உடலில் அல்லது அதைச் சுற்றிய கூட்டில், மறுமுனை ரோல் பாரில். மவுண்ட்டில் கட்டினால் பயனில்லை. மவுண்ட் கழன்றால் கயிறும் சேர்ந்து போகும். கயிறு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 150 கிராம் கேமரா, புவியீர்ப்பைப்போல் 30 மடங்கு வேகத்தளர்ச்சி உள்ள மோதலில் 4.5 கிலோ எடைபோல இழுக்கும். அது உங்கள் தலைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நிலையான கூரை உள்ள, ரோல் பார் இல்லாத காரை வைத்திருப்பவர்கள் பயணி இருக்கையின் தலைசாய்வைத் தாங்கும் இரண்டு எஃகுத் தண்டுகளையும் இதே முறையில் கவ்வலாம். இரண்டு துளைகள் இருப்பதால் மவுண்ட் சுழலவே முடியாது. அந்த இருக்கையில் யாரும் உட்காராதபோது மட்டும் செய்யுங்கள்.

மாட்டிய பிறகு காரை நிறுத்தி வைத்தபடியே ஒரு சோதனை. பதிவைத் தொடங்கி, இஞ்சின் வேகத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வீடியோவைப் பார்த்தால் ஏதாவது ஒரு வேகத்தில் மட்டும் படம் திடீரென்று நெளியலாம். நான்கு சிலிண்டர் இஞ்சினில் 3000 சுற்றில் விநாடிக்கு 100 வெடிப்புகள் நடக்கின்றன. மவுண்ட்டின் இயல்பான அதிர்வு அதோடு ஒத்துப்போனால் இப்படி ஆகும். கேமராவைக் குழாய்க்கு இன்னும் அருகில் இறக்குங்கள். என் காரில் சற்று இறக்கியதும் நெளிவு போய்விட்டது.

கேமராவில் மின்னணு நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். இதை யாரும் நம்புவதில்லை. கார் குலுங்கும்போதும் திரும்பும்போதும் கேமராவின் உணரி அந்த அசைவை அறிந்து வெளி உலகத்தை அசையாமல் வைக்க முயலும். விளைவாகக் காரின் உட்புறம் சட்டகத்துக்குள் அலையும். படத்தில் கார் அசையாமல் இருக்க வேண்டும், வெளி உலகம்தான் ஓட வேண்டும். கேமராவின் வெளிச்ச அளவையும் (எக்ஸ்போஷர்) முன்கண்ணாடிக்கு வெளியே தெரியும் காட்சிக்கு ஏற்பப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இருண்ட உட்புறத்துக்காகத் தடம் முழுவதும் வெளுத்துப்போகும். மைக்கின்மேல் சிறு நுரைத் துண்டு ஒட்டினால் காற்றின் இரைச்சல் குறைந்து இஞ்சினின் குரல் கேட்கும்.

கடைசி வேலை: ஒவ்வொரு நட்டின்மேலும் வாஷர்வரை நீளும்படி வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். முதல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். அது உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. உடையாவிட்டாலும் ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பாருங்கள். புது மரம் முதல் ஓட்டத்தில் சற்று அமுங்கும். இன்னும் கால் சுற்று இறுக்கி, புதுக் கோடு போட வேண்டியிருக்கும்.