கருங்கூந்தலில் செக்கச்செவேல் சிவப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிவப்புச் சாயத்தைப் பற்றித்தான். எந்தச் சிவப்பு வாங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தலையில் ஏற்கெனவே என்னென்ன போட்டிருக்கிறோம் என்று ஒருவரும் எழுதுவதில்லை. என் பார்லரில் நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

அக்கா, பாக்கெட் படத்தில் மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு. நானும் இரண்டு தடவை போட்டுவிட்டேன். வெயிலில் நின்றால்தான் லேசாகத் தெரிகிறது. டூப்ளிகேட் சரக்கா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

சரக்கு நல்ல சரக்காகவே இருக்கலாம். முடியின் ஆழத்தை 1 முதல் 10 வரை எண் போட்டுச் சொல்வார்கள். 1 கறுப்பு, 10 மிக வெளிர். நம் ஊர் முடி பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் இருக்கும். சாதாரண டையோடு, அதில் கலக்கவென்று வரும் திரவம்தான் டெவலப்பர்; 20 வால்யூம் என்று போட்ட டெவலப்பரில் 6 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. அது முடியை ஒன்றிரண்டு எண்தான் வெளிராக்கும். அதனால் கறுப்புக்குள் சிவப்பு போய் ஒளிந்துகொள்கிறது. இரண்டாம் தடவை போட்டதும் வீண்தான், ஏனென்றால் ஒரு சாயம் இன்னொரு சாயத்தை வெளுக்காது.

பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால் முதலில் ப்ளீச் செய்யத்தான் வேண்டும். அதற்காகப் பயப்படாதீர்கள், சிவப்புக்கு முடியை வெள்ளை வரை கொண்டுபோகத் தேவையில்லை. கறுப்பு முடி வெளுக்கும்போது முதலில் செம்பழுப்பு, அப்புறம் செம்மை கலந்த ஆரஞ்சு, அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் என்று வரும். ஆரஞ்சில் நிறுத்திவிடுங்கள், அதாவது 6 அல்லது 7. அந்த ஆரஞ்சின் மேல்தான் சிவப்பு எரிகிற மாதிரி ஏறும். மஞ்சள் வரை இழுத்தால் சிவப்பு ரோஸ் பக்கம் சாயும், முடியும் பஞ்சாகும்.

ஆச்சி, மாதம் தவறாமல் கறுப்பு மருதாணிப் பாக்கெட் போடுகிறேன். மகள் கல்யாணத்துக்கு முன்நெற்றியில் இரண்டு கீற்று மட்டும் சிவப்பாக்க ஆசை. வீட்டிலேயே ப்ளீச் செய்யலாமா? (தேவகோட்டை)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். மருதாணி இலை கறுப்பாகப் பிடிக்காது. அதிலுள்ள லாசோன் என்ற பொருள் ஆரஞ்சு கலந்த சிவப்பைத்தான் தரும். பாக்கெட் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அதில் பிபிடி என்னும் ரசாயனச் சாயமோ, அவுரி என்ற நீலச் சாயச் செடியின் பொடியோ, சிலவற்றில் உலோக உப்போ கலந்திருக்கும். உலோக உப்பு இருக்கும் முடியில் ப்ளீச் பட்டால் சூடேறும், சில சமயம் புகையும் வரும், முடி அங்கேயே அறுந்துவிடும். அவுரி ஏறிய முடி வெளுக்கும்போது பச்சை தட்டலாம்.

அதனால் நேராகத் தலையில் வைக்காதீர்கள். பிடரிப் பக்கம் உள்ளே மறைந்திருக்கும் இடத்தில் சின்னக் கொத்து முடியை வெட்டி, ஒரு முனையில் நூல் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ப்ளீச் பவுடரும் டெவலப்பரும் குழைத்து, க்ளவுஸ் போட்டு, ஜன்னல் பக்கத்தில் வைத்து அந்தக் கொத்தை அதில் முக்குங்கள். அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கிண்ணம் சுடுகிறதா, நுரை பொங்குகிறதா, முடி பச்சையாகிறதா, இழுத்தால் பிய்கிறதா? இதில் ஒன்று நடந்தாலும் அந்த முடி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போகும்வரை ப்ளீச் பேச்சே வேண்டாம். ஒன்றும் நடக்காமல் ஆரஞ்சு வந்தால் சரி, மேலே போகலாம்.

கொல்லையில் பறித்த இலையை அரைத்துப் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. உங்கள் முன்நெற்றியில் நரை மட்டும் இருக்கும் கீற்று ஏதாவது சாயம் படாமல் வளர்ந்திருந்தால், சுத்தமான இலை மருதாணியே அதைச் செம்பட்டைச் சிவப்பாக்கிவிடும். கறுப்பு முடியில் அதே மருதாணி வெறும் மினுமினுப்புத்தான்.

முன்பே டை போட்டுப் பழக்கம்தான். ஆனாலும் அலர்ஜி டெஸ்ட் வேண்டுமா? (பள்ளத்தூர்)

ஒவ்வொரு தடவையும் வேண்டும். பல வருடம் சும்மா இருந்த தோல் ஒருநாள் திடீரென்று முகம் வீங்கி நிற்கும். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி வைத்து 48 மணி நேரம் பொறுங்கள். திருவிழாக் கடையில் கையில் கறுப்பு டிசைன் போட்டுக் கொப்புளம் வந்திருந்தால், பிபிடி உள்ள எந்த டையும் உங்களுக்கு ஆகாது. டெஸ்ட் கூடச் செய்யாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

ப்ளீச்சை வேரிலிருந்து தொடங்கட்டுமா, நுனியிலிருந்தா? ஃபேனுக்குக் கீழே உட்காரலாமா? (கல்லல்)

வேரில் தொடங்கினால் உச்சி மட்டும் பளபளவென்று எரியும், நீளம் மங்கலாக நிற்கும். தலைச்சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும் என்பதுதான் காரணம். வேரிலிருந்து 2 சென்டிமீட்டர் விட்டுவிட்டு நீளத்தில் பூசுங்கள், அது பாதி வெளுத்த பிறகு வேருக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் எல்லாமே வேகமாக நடக்கும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கொத்தைத் துடைத்துப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டவே கூடாது.

ஃபேன் வேண்டாம். காய்ந்த ப்ளீச் வேலை செய்யாது. ஷவர் கேப்பைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். குழைப்பது பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில், எவர்சில்வர் கிண்ணம் கூடாது. மிச்சக் கலவையை மூடி போட்ட பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள். அது வாயு விட்டுக்கொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும்.

அலசியதும் ஈர முடியில் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுங்கள். நீண்டு பழையபடி சுருங்கினால் நல்லது. சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனால் அன்றைக்கு வேலை முடிந்தது. நிறம் போதவில்லை என்றாலும் இரண்டு வாரம் பொறுத்துத்தான் மறுபடி.

ரீபாண்டிங் செய்த முடி, ப்ளீச் செய்யலாமா?

வேண்டாம். கையோடு வந்துவிடும்.

பீட்ரூட் சாறு, செம்பருத்திப் பூ?

தலைகாணி உறைதான் சிவக்கும். பீட்ரூட் நிறம் தண்ணீரில் கரைவது, முடியைப் பிடிக்காது.

லீவுக்கு ஆயா வீட்டுக்கு வந்திருக்கிறோம். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். சாயம் சிந்தினால் போகுமா? (கானாடுகாத்தான்)

இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. சிமெண்டும் மணலும் ஆக்சைடு நிறமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்வது. மேலே கிளேஸ் பூச்சு கிடையாது, அதனால் சிந்தியதைக் குடித்துவிடும். சிவப்பு உள்ளே இறங்கிவிட்டால் எடுப்பது மிகக் கஷ்டம். கறையை எடுக்கிறேன் என்று ஆசிடோ வினிகரோ எலுமிச்சையோ ஊற்றினால் பூவேலையே அரித்துப்போகும்.

பட்டாசாலை என்கிற கூடத்திலும் வளவு என்கிற உள்முற்றத்திலும் உட்காரவே வேண்டாம். பின்கட்டில் கிணற்றடிக்குப் போங்கள். கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் பழைய துணி போடுங்கள். செய்தித்தாள் போதாது, ஊறி இறங்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பழைய சுண்ணாம்புச் சுவர் பக்கம் ஈரத் தலையைச் சாய்க்காதீர்கள். துளி விழுந்தால் அந்த நொடியே ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் விட முடியாது. சிவப்பு நிற்குமா? (கண்டனூர்)

சீக்கிரம் வெளுக்கும். ப்ளீச்சின் மேல் போடும் செமி பெர்மனென்ட் சிவப்பு முடியின் மேலாகத்தான் நிற்கிறது. நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர் மூன்றும் சேர்ந்தால் குளியலறைத் தரையெல்லாம் சிவப்பாக ஓடும். உடம்புக்கு எண்ணெய் தேயுங்கள், தலைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு தடவைக்கு மேல் தலை குளிக்க வேண்டாம். சல்பேட் இல்லாத ஷாம்பூ, பச்சைத் தண்ணீர் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் கடைசி ஒரு குடம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாதம் ஒருமுறை அதே சாயத்தைக் கண்டிஷனரில் கலந்து 20 நிமிடம் வைத்தால் நிறம் திரும்பிவிடும். இதற்குத் திரும்ப ப்ளீச் தேவையில்லை.

புருவத்துக்கும் சேர்த்து?

கூடவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அண்ணன் கல்யாணம் வரைக்கும்தான் சிவப்பு. அடுத்த மாதம் வேலை இன்டர்வியூ. கறுப்புக்கு எப்படித் திரும்புவது? (புதுவயல்)

முழுக்க வெளுக்கும்வரை காத்திருக்காதீர்கள். அடியில் சிவப்பு மிச்சம் இருக்கும்போதே மேலே பழுப்பு போட்டால்தான் நிறம் இயல்பாக வரும். சிவப்பு போய் மஞ்சளான முடியில் போட்டால் பச்சை கலந்த சாம்பல் தட்டும். ப்ளீச் பட்ட முடி சாயத்தை அதிகம் உறிஞ்சும், அதனால் உங்களுக்கு வேண்டியதைவிட ஒரு படி வெளிரானதாக, அம்மோனியா இல்லாத 4 எண் பழுப்பை எடுங்கள், பார்க்க இயற்கைக் கறுப்பாகவே தெரியும். கடையில் ஜெட் பிளாக் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மறுபடி சிவப்பு ஆசை வரும்போது அந்தக் கறுப்பை எடுப்பதற்குள் முடி பாதி உதிர்ந்துவிடும்.