அம்மாவுக்கு ஏன் 'சில்வர் சப்போர்ட்' வரவில்லை?

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. சிங்கப்பூர்க் குடிமகள், கணவரை இழந்தவர். வீடு வீடாகச் சமையல் வேலை செய்ததால் மத்திய சேமநிதியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈசூனில் அண்ணனின் ஐந்தறை வீட்டில் அண்ணன், அண்ணி, இரு பிள்ளைகளுடன் வசிக்கிறார். அண்ணனுக்கு 4,800 வெள்ளி, அண்ணிக்கு 2,600 வெள்ளி சம்பளம். பக்கத்து புளோக் பாட்டிக்கு, வசதி குறைந்த முதியோருக்கு அரசு தரும் 'சில்வர் சப்போர்ட்' பணம் வருகிறது, அம்மாவுக்கு வரவில்லை. 200 வெள்ளி கொடுத்தால் விண்ணப்பித்து வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் அம்மாவின் சிங்பாஸ் விவரங்களையும் கேட்கிறார். கொடுக்கலாமா? நான் 7,000 வெள்ளி சம்பாதிக்கிறேன். திருமணமாகிச் செங்காங்கிற்கு வந்து இரண்டு வருடமாகிறது. அடையாள அட்டையில் மட்டும் இன்னும் அண்ணன் வீட்டு முகவரி.

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். சிங்பாஸைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் என்ற ஒன்றே கிடையாது. மத்திய சேமநிதிக் கழகம் ஆண்டுதோறும் தானே கணக்குப் பார்த்து, தகுதி பெற்றவர்களுக்குக் கடிதம் அனுப்புகிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பணம் கணக்கில் வந்து விழும். இல்லாத விண்ணப்பத்தை நிரப்பக் கூலி கேட்பவரை என்ன சொல்வது? 200 வெள்ளி போனால் போகட்டும் என்று விடலாம். சிங்பாஸ் கைமாறினால், அந்தப் பெயரில் என்னென்ன திறக்கப்படும், எங்கெங்கே ஒப்புதல் பதிவாகும் என்று உங்களால் எண்ணிப் பார்க்கவே முடியாது. "நம்ம ஆள்தானே" என்று நம்பிக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் அம்மாவின் விஷயம். 65 வயது ஆகிவிட்டது, குடிமகள். 55 வயதுவரை சேமநிதியில் சேர்ந்த மொத்தத் தொகை 140,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. அவர் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. வீட்டில் தலைக்கு மாத வருமானம் 2,300 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். 7,400 வெள்ளியை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் 1,480 வருகிறது. தேறிவிட்டார் அல்லவா?

இல்லை. கெடுப்பது நீங்கள்தான், கோபப்படாதீர்கள். அடையாள அட்டை முகவரியை வைத்துத்தான் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். உங்கள் 7,000 வெள்ளியும் சேர்ந்து 14,400. ஆறு பேருக்குத் தலைக்கு 2,400. வீடு மாறிய 28 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிப்பது சட்டம். அதைச் செய்யாமல் இரண்டு வருடம் இருந்துவிட்டு அரசைக் குறை சொல்ல முடியாது. அதே நேரத்தில், எதனால் தகுதி இல்லை என்பதை அம்மாவுக்குப் புரியும்படி இரண்டு வரியில் எழுதி அனுப்பினால் கழகத்துக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. ஐந்தறை வீட்டில் வசிப்பது குற்றமில்லை. அதைச் சொந்தமாக வைத்திருப்பதுதான் தடை. வீடு அண்ணன் பெயரில் மட்டும் இருந்தால், உங்கள் முகவரியைச் சரிசெய்த பிறகு அம்மாவுக்குப் பணம் உண்டு. 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று அம்மாவின் பெயரையும் உரிமையாளராகச் சேர்த்திருந்தால், அவர் கையில் ஐந்து வெள்ளி இல்லாவிட்டாலும் தகுதி போய்விடும். மூன்றறை, நான்கறை வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. பத்திரத்தைப் பாருங்கள். பெயர் இருந்தால் அவசரப்பட்டு நீக்கப் போகாதீர்கள். அதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அனுமதி வேண்டும், வழக்கறிஞர் செலவு உண்டு, அந்தக் கூரைமேல் அம்மாவுக்கு இருக்கும் உரிமையும் போகும். இத்தனைக்கும் கிடைக்கக்கூடியது காலாண்டுக்கு 430 வெள்ளிதான்.

முதலில் முகவரியை மாற்றுங்கள். பிறகு கழகத்திடம் மறுபரிசீலனை கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. இப்போதே கைச்செலவுக்குத் திண்டாட்டம் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காம்கேர் என்னும் அரசாங்க நிதியுதவிக்குச் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 1800-222-0000 என்ற எண்ணில் அழையுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். அந்தத் தெரிந்தவர் வேண்டாம்.