குழப்படிக்காரப் பிள்ளையும் ஆசிரியரின் ஆரூடமும்

கல்முனைச் சகோதரிக்கு, ஒன்பது வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், அடங்கியிருக்க முடியாமல் துடிக்கும் நிலை) என்று தெரிந்ததும், "இவன் ஒருநாள் பொலிஸில்தான் நிற்பான்" என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். படித்தவர் வாயில் இப்படியும் ஒரு சாபம்!

ஏடிஎச்டிக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். இந்தப் பிள்ளைகளில் பின்னாளில் சட்டச் சிக்கலில் மாட்டுவோர் மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் அந்த ஆபத்து கூடுவது பெரும்பாலும் அடிதடி, களவு என நடத்தைக் கோளாறும் கூடவே வளரும்போது. கொப்பியைத் தொலைப்பதும் கதிரையில் நெளிவதும் அந்தக் கணக்கில் வராது. 2012இல் வெளிவந்த சுவீடன் ஆய்வொன்றில், ஏடிஎச்டி உள்ள வளர்ந்த ஆண்கள் மருந்து எடுத்த காலங்களில் அவர்களின் குற்ற விகிதம் 32 சதவீதம் குறைந்திருந்தது.

என் மகனும் மூன்றாவது கணக்கிலேயே எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவான். அடித்த காலத்தில் அவன் கற்றது பொய் சொல்வதை மட்டும்தான். பிரம்பை எறிந்தோம். மூன்று கணக்கு, வளவைச் சுற்றி ஓர் ஓட்டம், மறுபடி மூன்று கணக்கு. கொப்பி மெல்ல நிரம்பியது.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் விசாரியுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால், 1926 என்ற உளநல உதவி இலக்கம் இருக்கிறது. போகும்போது அவனுடைய கொப்பிகளையும் கொண்டுபோங்கள்.