பூத் பையன் சொல்கிறேன்

அன்புள்ள சார்,

எனக்கு 46 வயது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். இப்போது சென்னையில் ஐடி வேலை. செல்போனும் ஃபேஸ்புக்கும் வருவதற்கு முன்பே பால்யத்தை முடித்துக்கொண்ட கடைசித் தலைமுறை நாங்கள் என்று நண்பர்களிடம் அடிக்கடி சொல்வேன். பம்பரம், கோலி, ஆற்றுக் குளியல், வாடகை சைக்கிள், தபால்காரருக்காகத் திண்ணையில் காத்திருப்பது. எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. யாருக்கு அழைப்பு வந்தாலும் நான்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டு வருவேன். வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கும். மனிதர்கள் மனிதர்களோடு பேசிய காலம் அது. யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை.

மகன் பதினொன்றாம் வகுப்பு. ட்யூஷனுக்குத் தேவைப்பட்டதால் போன் வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஒன்பதாவது படிக்கும் மகளும் இப்போது கேட்கிறாள். காலேஜ் போகும்வரை கிடையாது என்று சொல்லிவிட்டேன். நமக்குக் கிடைத்த பால்யத்தில் கொஞ்சமாவது அவளுக்குக் கிடைக்கட்டுமே. நான் செய்வது சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இப்படிப்பட்ட கடிதங்கள் மாதம் நாலைந்து வருகின்றன. பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. பம்பரத்தையும் கோலியையும் பார்த்ததுமே மூடிவிடுவேன். உங்கள் கடிதத்தை மூடாததற்குக் காரணம் ஒரு வரி. ‘யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை.’ அதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ஒரு ரயில் பயணத்தில் தொடங்கிய யோசனை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, அதன் நடுவில் வந்து விழுந்தது உங்கள் கடிதம்.

பம்பரத்தை விட்டுவிடுவோம். பிள்ளைகள் இன்றும் தெருவில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், எங்கள் தெருவுக்கு வாருங்கள், காட்டுகிறேன். உங்கள் அபார்ட்மெண்டில் கார் கண்ணாடி உடையும் என்று விடமாட்டேன் என்கிறார்கள். அதற்குச் செல்போன் என்ன செய்யும்? ஆற்றுக் குளியலும் அப்படித்தான். காவிரியில் தண்ணீர் இல்லாததற்கு வாட்ஸ்அப்பைத் திட்ட முடியாது.

கடிதம் பற்றி ஒரு வார்த்தை மட்டும். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத நாலு பேருக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்குவேன். அவர்கள் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதுப் பையனிடம் புருஷனுக்கு என்ன சொல்லி எழுதச் சொல்ல முடியும்? கடைசியில் ‘மாடு கன்று போட்டது, மழை இல்லை’ என்று முடியும். பதில் வந்தால் அதையும் நான்தான் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், திண்ணையில், நாலு பேருக்கு நடுவில். உங்கள் தபால்காரர் நினைவுக்குள் இவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

சரி, வேவுக்கு வருகிறேன்.

1992-லிருந்து 94 வரை தென்காசி பக்கத்துக் கடையநல்லூரில் ஓர் எஸ்டிடி பூத்தில், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் கடையில், வேலை பார்த்தேன். டிகிரி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்த காலம். மஞ்சள் போர்டு, ஒரு மேஜை, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு சின்ன ஃபேன் உண்டு, அது சுற்றினால் பேச்சு கேட்கவில்லை என்று எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே வியர்த்து ஊற்றும். கண்ணாடி இருந்து என்ன பயன்? அன்றைய லைனில் கத்தினால்தான் மறுமுனைக்குக் கேட்கும். பம்பாய்க்குப் பேசுகிறவரின் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு பக்கப் பேச்சு முழுக்கக் கேட்கும். மறுபக்கத்தை ஒரு வாரத்தில் ஊகிக்கப் பழகிவிட்டேன்.

யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது, யார் மகன் சூரத்தில் வேலையை விட்டுவிட்டான், யாருக்கு வட்டி கட்ட முடியவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் எதிர் டீக்கடைக்குத் தெரியும். நீங்கள் ஃபேஸ்புக்கை வேவுக்காரன் என்கிறீர்கள். அதற்காவது என் அப்பா பேர் தெரியாது. நாங்கள் மூன்று தலைமுறை தெரிந்தவர்கள்.

இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும். பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். அதற்காகவே ஆட்கள் பெஞ்சில் தூங்கிக்கொண்டு கிடப்பார்கள். சென்னைக்குப் போன மகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக மூன்று தடவை மணி அடித்துவிட்டு வைத்துவிடுவது என்று ஒரு ஏற்பாடு உண்டு. எடுக்காவிட்டால் காசு இல்லை. மணிச் சத்தம் நின்றதும் வாசலில் நிற்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலாளி, ‘லைனை அடைக்கிறான் பாரு’ என்று திட்டுவார். இதெல்லாம் எனக்கும் பிடித்த நினைவுகள்தான். நானும் மனிதன்தானே.

ஆனால் வியாழக்கிழமை இரவு வேறு. கடையநல்லூரில் அன்று வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார் என்றே சொல்லலாம். சவூதியில் அப்போது வார விடுமுறை வியாழனும் வெள்ளியும். (2013-ல்தான் வெள்ளி, சனி என்று மாற்றினார்கள்.) கம்பெனிக் கேம்ப்களில் பலருக்கும் வெள்ளி ஒரு நாள்தான் லீவு. ஆகவே வியாழன் இரவு அங்கிருந்து அழைப்பு வரும். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், அங்கே எட்டு என்றால் இங்கே பத்தரை. இன்னாருக்கு இந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். கூப்பிட்டு வர நான் சைக்கிளில் போக வேண்டும். ஆளுக்கு இரண்டு ரூபாய்.

ஒரு குடும்பம் தவறாமல் வரும். மாமியார், கொழுந்தன், ஒரு மூன்று வயதுக் குழந்தை, அந்தப் பெண். சவூதியில் தம்மாம் நகரத்திலிருந்து அழைப்பு. ரிசீவரை முதலில் மாமியார் எடுப்பார். பணம் வந்ததா, வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது, சிமெண்ட் என்ன விலை. அடுத்து கொழுந்தன், அவனுக்கு விசா வேண்டும். அப்புறம் குழந்தையின் காதில் ரிசீவரை வைத்து ‘வாப்பா சொல்லு, வாப்பா சொல்லு’ என்பார்கள், அது ரிசீவரை நக்கும். கடைசியில் அந்தப் பெண். அதற்குள் அந்தப் பக்கம் காசு தீர்ந்திருக்கும். அரை நிமிஷம். கூண்டுக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மாமியார் கண்ணாடிக் கதவைச் சாத்த விடாமல் காலை வைத்துக்கொள்வார். வெளியே எனக்குக் கேட்டதெல்லாம் ‘ம்... ம்... நல்லா இருக்கேன்... ம்’. வாரம் தவறாமல் இதே நாலு சொல். இரண்டு வருஷத்தில் அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

கேசட்டில் பேசி அனுப்புகிற வழக்கமும் அப்போது இருந்தது. ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். ஆனால் டேப் ரிக்கார்டர் இருப்பது கூடத்தில். கூடத்தில் வைத்து என்ன பேசிவிட முடியும்?

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் தனியாக வந்தார். முழுக் கட்டண நேரம். கையில் மருந்துச் சீட்டு, டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரு கடித உறையின் பின்பக்கத்தைக் காட்டி, ‘தம்பி, இந்த நம்பருக்குப் போட எவ்வளவு ஆகும்?’ என்றார். 00966-3 என்று தொடங்கும் எண். சொன்னேன். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தே எண்ணினார். இரண்டு ரூபாய் நோட்டுகள், நிறைய எட்டணா. ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் வரும். நான்தான் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தேன். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். இவர் புருஷன் பெயரைச் சொல்லிக் கேட்டார். யாரோ தேடப் போனார்கள். மீட்டர் ஓடுகிறது. ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டு அழைப்புக்கு மீட்டர் ஓடும் வேகத்தைப் பார்த்தால் காசு கொடுக்காதவனுக்கே வயிற்றைக் கலக்கும். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷிப்டில் இருக்கிறார் என்று பதில் வந்திருக்க வேண்டும். ‘சரி... ஒண்ணுமில்ல... இல்ல, ஒண்ணுமில்ல’ என்று வைத்துவிட்டார்.

எட்டணாக்களை எண்ணி வாங்கிக்கொண்டேன். போகும்போது, ‘யார்கிட்டயும் சொல்லிராதீங்க தம்பி’ என்றார்.

சொன்னேன்.

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது பகலில் ஒரு தம்மாம் கால் இருப்பதை முதலாளி பார்த்தார். ‘இது யாரு, இந்நேரத்துல?’ என்றார். இருபத்திரண்டு வயதில், சம்பளம் கொடுக்கிறவர் கேட்டால் பதில் தானாக வாயில் வந்துவிடும். அடுத்த வியாழன் அந்த வீட்டுக்கு சைக்கிளில் போனேன். மாமியாரும் கொழுந்தனும் வந்தார்கள், குழந்தையைக்கூடக் கூட்டி வந்தார்கள். நான் வேலையை விடும்வரை அந்தப் பெண்ணை பூத் பக்கம் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

மனிதர்கள் மனிதர்களோடு பேசிய காலம் என்கிறீர்களே, எந்த மனிதர்கள் எஸ்.? ரிசீவர் கடைசியாக யார் கைக்கு வந்தது? நீங்கள் ஏங்குவது ஒரு பையனின் பால்யத்துக்கு. இருட்டும்வரை ஆற்றில் கிடக்கலாம், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம், ‘எங்கே போனாய்’ என்று கேட்க ஆளில்லை. அதே தெருவில் உங்கள் வயதுப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வாடகை சைக்கிள் எடுத்தார்கள்? அதைத்தான் இப்போது உங்கள் மகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு, போனை மட்டும் மகனிடம் கொடுத்திருக்கிறீர்கள். ட்யூஷனாம். ஒன்பதாம் வகுப்புக்கு ட்யூஷன் கிடையாதா உங்கள் ஏரியாவில்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். செல்போன் அமுதம் என்று சொல்ல வரவில்லை. நானும் அதைக் கழிப்பறைக்குக் கொண்டுபோகிற ஆள்தான். மகள் விழுந்து கிடப்பாள் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு அவளிடம் நேராகப் பேசி, இரவு பத்து மணிக்கு மேல் போன் கூடத்தில் இருக்க வேண்டும் என்பது போல ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம், மகனையும் சேர்த்து, உங்களையும் சேர்த்து. அதற்கு உங்கள் பால்யத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த ரயில் விஷயம். செங்கோட்டையிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். கடையநல்லூரில் ஓர் அம்மா ஏறினார், ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோ காலில் புருஷனோடு பேச ஆரம்பித்தார். ஸ்பீக்கரில். சங்கரன்கோவில் வருவதற்குள் அந்த வீட்டுச் சமையல், மருமகளின் குணம், அவருக்குச் சர்க்கரை ஏறியது, இவருக்கு முழங்கால் வலி எல்லாம் பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹெட்போன் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் அம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவர் புருஷனைப் பார்த்து, ‘நீங்க செத்த சும்மா இருங்க, நான் பேசி முடிச்சுக்கறேன்’ என்றார். அந்தப் பக்கம் அவர் சும்மா இருந்தார். இந்த அம்மா ராஜபாளையம் வரை பேசினார்.

அவர்தானா இவர் என்று கேட்பீர்கள். இல்லை, இருக்க வழியில்லை. இருந்தாலும் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் முதுகைத்தான். ஹெட்போன் பற்றி வாயைத் திறக்கவில்லை.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு என்று அதைக் கொண்டாடுகிறோம். என் கணக்கில் நாள் வேறு. 2003-ல் செல்போனுக்கு வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆக்கினார்களே, அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் கையில் போனைப் பார்த்தேன். அதுவரை அழைப்பை எடுத்தாலே மீட்டர் ஓடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் போன் இருந்தது, நீங்கள் ஓடிப்போய்க் கூப்பிட்டு வருவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நாம் இருவரும் ஒரே தொழில் பார்த்தவர்கள், எனக்கு இரண்டு ரூபாய் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த போன் வீட்டில் எந்த இடத்தில் இருந்தது? கூடத்திலா, அப்பாவின் மேஜையிலா? டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு போடுவார்களே, அது இருந்ததா? கூப்பிட்டதும் வந்தவர்களில் யார் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள், யார் நின்றுகொண்டு பேசினார்கள், யாருக்காக ஒயரை இழுத்து ரிசீவரை வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தீர்கள்? அவர்கள் பேசும்போது உங்கள் வீட்டில் யாராவது எழுந்து உள்ளே போனார்களா?

ஞாபகம் வந்தால் எழுதுங்கள்.