குரல்வழித் தட்டச்சு செய்யும்போது மைக் சத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, பாதி வார்த்தைகள் விழுவதே இல்லை. என்ன செய்வது?

"இன்னும் சத்தமாகப் பேசிப் பாருங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்தப் பிரச்சினையை யாரிடம் சொன்னாலும் அதைத்தான் சொல்கிறார்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கத்தினால் தொண்டைதான் கட்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு வேண்டியது தெளிவான சத்தம், பெரிய சத்தம் இல்லை. உங்கள் குரல் நன்றாகத்தான் இருக்கும். மைக்குக்கும் மென்பொருளுக்கும் நடுவில் எங்கேயோ அது தொலைகிறது.

நீங்கள் விண்டோஸ் டெஸ்க்டாப்பில், ஒயர் வைத்த ஹெட்செட் மாட்டிக்கொண்டு, குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் ஜாக்கைப் பாருங்கள். செட்டிங்ஸ் எல்லாம் அப்புறம்.

நான் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், பழைய கிரயப் பத்திரத்தின் நகல் என்று நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிற வேலை. மணிக்கட்டு வலி தாங்க முடியாமல் போனபோதுதான் பேசி அடிக்கலாம் என்று இறங்கினேன். 2017ல் கூகுள் தமிழுக்குக் குரல் உள்ளீடு கொண்டுவந்ததிலிருந்தே போனில் பேசிப் பழக்கம் உண்டு. அதே மாதிரி சிஸ்டத்திலும் செய்ய ஒரு ஹெட்செட் வாங்கினேன். "எந்த சிஸ்டத்துக்கும் போகும்க்கா" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். சிபியூவின் பிங்க் நிற மைக் ஓட்டையில் செருகிப் பேசினால், "மேற்படி சொத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட" என்பதில் "சொத்தில்" மட்டும் விழுகிறது. வாயை மைக்கில் ஒட்டிவைத்துப் பேசினாலும் அதே கதை.

பக்கத்துக் கடையில் மொபைல் சர்வீஸ் செய்கிற தம்பி வந்து பார்த்தார். சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் அளவைக் காட்டும் கோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, மைக் நுனியை நகத்தால் தட்டினார். கோடு அசையவில்லை. இடது காதில் வைக்கும் மெத்தையைத் தட்டினார். கோடு துள்ளியது! "அக்கா, இவ்வளவு நாளா உங்க பேச்சை இயர்போன்தான் கேட்டுட்டிருந்திருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். போனுக்கென்று வரும் ஹெட்செட்டில் சத்தம் கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து ஒரே ஜாக். அதில் மூன்று வளையங்கள், நான்கு தொடர்புகள் இருக்கும். நுனியில் வருவது இடது காதின் ஒயர். டெஸ்க்டாப்பின் பிங்க் ஓட்டையோ நுனியில் மைக்கை எதிர்பார்க்கிறது. அதனால் இடது ஸ்பீக்கரையே மைக் என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்பீக்கரும் கொஞ்சம் மைக் மாதிரி வேலை செய்யும். காந்தமும் கம்பிச்சுருளும் இருப்பதால், பேச்சில் அது அதிர்ந்தால் சன்னமாக மின்சாரம் வரும். அந்தச் சன்னமான சத்தம்தான் உங்களுக்கு "குறைவான வால்யூம்" என்று தெரிகிறது. ஒரு பக்கம் நான்கு தொடர்பு ஓட்டையும், மறுபக்கம் பிங்க், பச்சை என்று இரண்டு ஜாக்குகளும் உள்ள ஸ்ப்ளிட்டர் ஒயர் வாங்கி மாட்டினேன். அன்றோடு தீர்ந்தது.

ஜாக் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால், அடுத்து எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மானிட்டர் மேல் வெப்கேம் இருந்தால் அதற்கும் ஒரு மைக் உண்டு, குரோம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், ரெக்கார்டிங், உங்கள் மைக், பிராப்பர்ட்டீஸ், லெவல்ஸ் என்று போங்கள். சில சிஸ்டங்களில் அங்கே மைக் சத்தத்தைக் கூட்டும் மைக்ரோபோன் பூஸ்ட் இருக்கும். 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு, ஃபேன் சத்தமும் கூடவே பத்து மடங்காகும். 10 டெசிபலில் ஆரம்பியுங்கள். மைக்கை உதட்டோரமாக, மூச்சுக்காற்று நேராகப் படாமல் வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல், அதாவது பாதி, போய்விடும். வீடியோ மீட்டிங் முடித்த பிறகு மட்டும் சத்தம் குறைகிறதா? மைக் அளவைத் தானாக மாற்றும் வசதி அந்தச் செயலியில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். லேப்டாப் என்றால் கேமரா பக்கத்தில் இருக்கும் பொடி மைக் ஓட்டைகளை ஸ்டிக்கர் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"யூஎஸ்பி மைக் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று ஒருவர் வருவார். உண்மைதான், வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். நான் ஹார்டுவேர் படித்தவள் இல்லை, என் கையில் நடந்ததைச் சொல்கிறேன். நூற்றைம்பது ரூபாய் ஒயரில் தீர்கிற விஷயத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பேசி அடிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து "வாயால சொன்னா அதுவே அடிச்சிடுது, பக்கத்துக்கு எதுக்குக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறார்கள். பேச்சு விழுந்த பிறகுதான் எனக்கு வேலையே ஆரம்பம். சர்வே எண்ணில் உட்பிரிவு விட்டுப்போயிருக்கும். நான்கெல்லையில் கிழக்கு மேற்காகியிருக்கும். தகப்பனார் பேரில் ழகரம் ளகரமாகியிருக்கும். ஒரு எழுத்து தப்பினால் பத்திரம் திரும்பி வரும், அலைவது அந்தக் குடும்பம். அதனால் வரி வரியாக மூலத்தோடு ஒத்துப் பார்க்கிறேன். அந்தக் கண்ணுக்கும் பொறுப்புக்கும்தான் காசு வாங்குகிறேன். அதைக் குறைக்க மாட்டேன்.

சரி, உங்கள் ஜாக்கில் இரண்டு வளையமா மூன்றா, எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.